எண்ணூறு கிராம்

ஜூலை 2, புதன்

மளிகைக்கடை அண்ணாச்சி தை மாதம் கொடுத்த டைரி இவ்வளவு நாளும் அரிசி டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் துடைத்து எடுத்தேன். அங்கன்வாடியில் பதினோரு பதிவேடு எழுதுகிறேன். ஒன்றிலாவது இருதயமேரிக்குக் கோபம் வந்தது, இடுப்பு வலித்தது என்று எழுத இடம் விட்டிருக்கிறார்களா என்றால் இல்லை. அதற்காகத்தான் இது.

இன்று எடை நாள். ஆலங்கரை ஏந்தலில் ஐந்து வயதுக்குக் கீழே முப்பத்தொரு பிள்ளைகள். இருபத்தாறு வந்தன. உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, உதவியாளர் குருவம்மா ஒவ்வொன்றாகத் துணிப்பையில் காலை நுழைத்துத் தொங்கவிட, நான் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். தாய்மார்கள் காய்கறிக்காரனிடம் கேட்பது போல, "இன்னுங் கொஞ்சம் கூடப் போடுங்க டீச்சர்" என்கிறார்கள். ஒருத்தி பிள்ளையின் அரைஞாணில் இரும்புச் சாவி ஒன்றைக் கோத்துக் கட்டியிருந்தாள். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்கவாம். கழற்றச் சொன்னேன், முறைத்தாள்.

கடைசியாக நாகஜோதி வந்தாள். அவளும் புருஷன் முனீசும் ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கருவேலங்காட்டில் மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டத்துக்குப் பக்கத்திலேயே குடிசை. மகள் வர்ஷினிக்குப் பத்தொன்பது மாதம். எடை ஏழு கிலோ இருநூறு. வளர்ச்சி அட்டையில் சிவப்புக்குள் விழுகிறது.

"பால் குடுக்குறியா?"

"இல்ல டீச்சர். வயித்துல ஒண்ணு மூணு மாசம். அது இருக்கையில குடுத்தா மேல உள்ளதுக்குச் சேராதுன்னாக. நிறுத்திட்டேன்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

இந்த எல்லாரும் என்ற ஆளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். நன்றாகத் திட்டிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பால் வற்றி ஒரு மாதம் ஆகிவிட்டது. காலையில் டீயில் பன்னைத் தொட்டு ஊட்டுகிறாளாம், மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரியும் அதேதான். சத்துமாவு இரண்டு பாக்கெட் கொடுத்து, வாரம் மூன்று நாள் முட்டைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 9, புதன்

இன்றைக்கு ஓர் அதிசயம். முட்டை வாங்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகும் நாகஜோதி கதவோரம் நின்றாள். என்ன என்றேன். பிள்ளையின் அட்டையை நீட்டி, "இதுல என்ன எழுதிருக்குன்னு எனக்குச் சொல்லித் தாரீகளா?" என்றாள்.

பதினேழு வருஷத்தில் ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்லை. அட்டை என்றால் அவர்களுக்கு டீச்சர் கேட்டால் காட்ட வேண்டிய ஒன்று. மற்ற நாளில் அது கூரையில் சொருகிக் கிடக்கும். இவள் நான்காம் வகுப்போடு நின்றவள். பாயில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கீழே வயசு, பக்கத்தில் எடை, மாதம் ஒரு புள்ளி, புள்ளியையும் புள்ளியையும் சேர்த்தால் கோடு. பச்சை, மஞ்சள், சிவப்பு. கரி படிந்த விரலை அட்டையில் படாமல் காற்றிலேயே நகர்த்திக் காட்டினாள். கெட்டிக்காரி.

"கோடு ஏறுனா நல்லது. படுத்துக் கெடந்தா கவனிக்கணும். எறங்குச்சுன்னா ஆபத்து. எறங்குச்சுன்னா நீ எங்க இருந்தாலும் சரி, என்ன சோலியா இருந்தாலும் சரி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட ஓடியாந்துரணும்" என்றேன். மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன். தப்பில்லாமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தினத்தாளில் இருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றார். இவரிடம் கர்த்தர் வந்து நின்றாலும் அதே "ம்"தான்.

ஜூலை 25, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. விறகு வைத்துச் சமைத்துக் கண் எரிகிறது. குருவம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சமையலும் நானே. இருபது பிள்ளைகளின் மூக்கையும் நானே.

ஆகஸ்ட் 6, புதன்

எடை நாள். வர்ஷினி ஏழு முன்னூறு. நூறு கிராம்தான், ஆனாலும் ஏற்றம். புள்ளி எங்கே வரும் என்று நாகஜோதியே காட்டினாள். இன்னும் சிவப்புதான் என்பதையும் அவளே சொன்னாள்.

சத்துமாவை உருண்டை பிடித்து வைத்தால் முனீசும் இரண்டு எடுத்துத் தின்கிறானாம். "பொழுதன்னைக்கும் மரம் வெட்டிட்டுப் பசியோட வாராக, நா எப்படி வேண்டாங்குறது?" என்கிறாள். அது பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த மருந்து என்று நினைத்துக்கொள், புருஷனுக்குக் காய்ச்சல் மாத்திரையைப் பங்கு வைப்பாயா என்று கேட்டேன். சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வர்ஷினிக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. இப்போது நின்றிருக்கிறது. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முட்டையை வாயில் வைத்தால் துப்புகிறாள். தலைமுடி செம்பட்டை பாய்ந்து, தொட்டால் கையோடு வருகிறது. எண்ணெய் தடவாமல் காட்டில் போட்டு வளர்த்தால் இப்படித்தான். ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேளாங்கண்ணிக் கொடியேற்றம். இந்த வருஷமும் போக முடியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

எட்டு கிலோ நூறு!

முள்ளை நம்பாமல் தராசைக் கழற்றி மாட்டி இன்னொரு தடவை போட்டேன். எட்டு நூறுதான். ஒரே மாதத்தில் எண்ணூறு கிராம். சிவப்பிலிருந்து மஞ்சளுக்குள் வந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு ஏற்றத்தை நான் கண்டதில்லை.

பிள்ளையும் ஆளே மாறியிருக்கிறாள். கன்னம் உப்பி, கண் இடுங்கி, புறங்கால் மெழுகினாற்போல மினுமினுவென்று. அரைஞாண் இறுக்கிப் போய்க் கத்திரியால் வெட்டி எடுத்தாளாம். எல்லாத் தாய்மார்களையும் உட்காரவைத்து, "பாருங்க, அக்கறையா வளத்தா கருவேலங்காட்டுலயும் பிள்ளை தேறும்" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னேன். நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குருவம்மா எல்லாருக்கும் ஆளுக்கொரு கை சர்க்கரை கொடுத்தாள். வர்ஷினி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் மேடமும் வந்தார். கைபேசியில் நாலு படம் எடுத்தார். ஒரு குறைதான். முன்னே மாதிரி நடக்க மாட்டேன் என்கிறாளாம். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அழுவதுகூட இல்லை. குண்டுப் பிள்ளைகள் சோம்பேறிகள்தான். என் மகனும் இந்த வயதில் அப்படித்தான் இருந்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மேடம் போனில் கூப்பிட்டார். மாதக் கூட்டத்தில் வாசிக்க ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம், வர்ஷினி கதையை எழுதித் தரச் சொன்னார். சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அட்டை பார்க்கத் தாய்க்குக் கற்றுக்கொடுத்ததை அழுத்தமாக எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான், சரி, நாலு வரி.

செப்டம்பர் 12, வெள்ளி

வர்ஷினிக்குக் காலில் தோல் உரிகிறது. வெயில். எண்ணெய் தடவச் சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

கிராம நர்ஸ் திலகராணி தடுப்பூசிக்கு வந்தாள். வர்ஷினியைப் பெருமையாக மடியில் வைத்துக் காட்டினேன். அவள் பிள்ளையின் புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி, மூன்று எண்ணிவிட்டு எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. அடுத்த காலிலும் அழுத்தினாள். அங்கேயும் குழி.

"இது சதை இல்ல மேரிக்கா. நீரு" என்றாள் மெதுவாக.

எனக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், படம்கூடக் காட்டினார்கள். அந்தப் படத்தில் இருந்த பிள்ளை வேறு மாதிரி இருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய பயிற்சி. தவிர, என்னிடம் இருப்பது தராசு. தராசு என்ன காட்டுகிறதோ அதைத்தானே எழுத முடியும்.

நாளைக்கே ஜில்லா ஆஸ்பத்திரியில் ஊட்டச்சத்து வார்டில் சேர்க்க வேண்டும் என்று சீட்டு எழுதினாள். ஊசிப் பெட்டியோடு அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுக்கு நீங்க வெளங்கச் சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றாள்.

சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துச் சத்து ஏற்றுவார்கள் என்றேன்.

"எடைதான் ஏறிருச்சே டீச்சர். பெறகு எதுக்கு?"

"ஏறுனது நிலைக்கணும்ல."

அது பொய்யில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னால் அவளுக்குக் குழப்பம்தான் வரும்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஆறரை பஸ்ஸில் நாகஜோதி, பிள்ளை, நான் மூன்று பேரும் போனோம். வார்டில் எட்டுப் படுக்கை. சேர்த்துக்கொண்டார்கள். மருந்து டம்ளரில் அளந்து கொஞ்சமே கொஞ்சம் பால், இரண்டு மணிக்கு ஒரு தடவை. நாகஜோதி டம்ளரை உற்றுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? கோழிக்குஞ்சுக்குக்கூடப் பத்தாதே டீச்சர்" என்றாள். அவர்களுக்குத் தெரியும், நீ பேசாமல் இரு என்றேன்.

டாக்டர் சின்னப் பெண், மூன்று வாரம் ஆகும் என்றாள். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "முதல் வாரம் எடை நல்லா எறங்கும்மா. நீர் வடியுறதுதான். அது குணமாகுற அறிகுறி. அம்மாட்ட சொல்லி வச்சிருங்க, இல்லைன்னா பயந்துருவாங்க" என்றாள். நாகஜோதி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எனக்கோ ஒன்றேமுக்கால் பஸ். அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரியின் போனிலிருந்து நாகஜோதி பேசினாள். "மூஞ்சி வத்திப் போச்சு டீச்சர். கன்னம் எங்க போச்சுன்னே தெரியல. எடையும் எறங்குதாம்."

டாக்டர் பார்த்துக்கொள்வார், தைரியமாக இரு, ஒன்றும் ஆகாது என்றேன். இன்னொருத்தி போனில் அதற்கு மேல் எவ்வளவு நேரம் பேசுவது. அந்த எண்ணூறு கிராமும் வெறும் நீர் என்று போனில் சொல்லக்கூடிய விஷயமா. நேரில் போகும்போது சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். கதையை நானே வாசிக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். வர்ஷினி வார்டில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சத்துமாவு இருப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நீலச் சேலையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வர்ஷினி செத்துப்போனாள்.

செப்டம்பர் 29, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் மூன்று ராத்திரி தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நாகஜோதி வார்டில் யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறியிருக்கிறாள். முந்தின நாள் எடை ஆறு தொள்ளாயிரம். அங்கே மாட்டியிருந்த தாளில் அவளே கோட்டைப் பார்த்திருக்கிறாள். எட்டு நாளும் இறங்கு முகம். வீட்டுக்குப் போகவில்லை, மூட்டத்துக்குப் போகவில்லை. நேராக அங்கன்வாடிக்கு வந்து, "டீச்சர் எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

குருவம்மா சொன்னாள். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாளாம். "கோடு எறங்கிருச்சுக்கா. எறங்குனாத் தூக்கிக்கிட்டு ஓடியாரச் சொல்லிருக்காக. ஓடியாந்துட்டேன்" என்றாளாம். எதற்கோ பரிசு வாங்க வந்தவள் போல இருந்ததாம் முகம்.

நான் அந்த நேரம் நீலச் சேலையில் ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள் குருவம்மா. நான் கதையை வாசித்தேன். கைதட்டினார்கள்.

குருவம்மா இரக்கக்காரி. மெலிந்து கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் மனசு பொறுக்காமல் சத்துமாவில் வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். பிள்ளை ஆவென்று வாயைத் திறந்து குடித்ததாம். ஒரு மாதமாகத் துப்பிய பிள்ளை, முட்டையையும் தின்றது. மத்தியானம் சோறும் பருப்பும். இன்னும் வேண்டும் என்று கையை நீட்டியதாம். தாய்க்கும் குருவம்மாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இதைத்தானே ஆஸ்பத்திரியில் கொடுக்காமல் பட்டினி போட்டார்கள் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நாலு மணிக்கு நான் வந்தபோது பிள்ளைக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம். நாகஜோதி என்னைப் பார்த்ததும் எழுந்து, பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "வந்துட்டீகளா" என்றாள். அவ்வளவுதான். இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம். பாதி வழியில் முடிந்துவிட்டது.

சேதி கேட்டுத் திலகராணி அங்கன்வாடிக்கு வந்திருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காஞ்சு கெடந்த வயித்துக்கு ஒரேயடியா அள்ளிக் குடுத்தா நெஞ்சு தாங்காதுக்கா. அதான் அங்க சொட்டுச் சொட்டாக் குடுத்தது. நீர் வடிஞ்சு பசி எடுக்க ஆரம்பிச்சிருக்கு. பசி வந்துருச்சுன்னா பொழைச்சுக்கும்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணுட்ட சொல்லிட்டீகளா, எடை எறங்கும்னு?" என்று கேட்டாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அழுகையும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

எடை நாள். எல்லாப் பிள்ளைகளின் காலையும் அழுத்திப் பார்த்தேன். யாருக்கும் குழி இல்லை.

அக்டோபர் 4, சனி

ஊரெல்லாம் ஒரே பேச்சு. தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில். ஆஸ்பத்திரியிலிருந்து திருட்டுத்தனமாகத் தூக்கிவந்து பிள்ளையைக் கொன்றுவிட்டாள். காட்டுச் சிறுக்கி, அவளுக்கு என்ன தெரியும். கையில் முட்டையோடு நிற்கிற தாய்மார்களே சொல்கிறார்கள். முனீஸ் அவளோடு பேசுவதில்லையாம். சோற்றை அவனே வடித்துத் தின்கிறானாம். ஆறு மாத வயிற்றோடு அவள் மூட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வார்த்தைதான். அதற்கே, "டீச்சருக்கு மனசு எளகுன மனசு" என்று ஒருத்தி சொன்னாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

குருவம்மா வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறாள். அவள் கொடுத்த கஞ்சியால்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து, "பசிக்குதுன்னு கைய நீட்டுன பிள்ளைக்கி எப்படி டீச்சர் குடுக்காம இருக்குறது?" என்று கேட்டாள். கொடுக்காமல் இருக்க முடியாதுதான். சொல்ல வேண்டியவள் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தே இருக்காது. இதைக் குருவம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் புரிந்துகொண்ட மாதிரித் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அக்டோபர் 10, வெள்ளி

குழந்தை இறப்பு விசாரணை. அங்கன்வாடியிலேயே நடந்தது. மருத்துவ அலுவலர், சூப்பர்வைசர் மேடம், திலகராணி, நான். நாகஜோதியையும் முனீசையும் கூப்பிட்டிருந்தார்கள். முனீஸ் வரவில்லை. அவள் வந்து சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு இருக்கட்டும் என்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். "எடை எறங்குச்சு சார், தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். டீச்சர் சொல்லித்தான் வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு தடவைகூட என் பெயரை எடுக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று பார்க்காமல் நிற்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவளைப் போகச் சொன்னார்கள்.

அலுவலர் படிவத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டு வாசித்தார். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தாய் வெளியேறினார். காரணம், தாயின் அறியாமை. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கம் தாளை நகர்த்தினார்.

பேனாவை எடுத்துவிட்டேன். இருதயமேரி என்பதில் முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"சார், அந்தப் பொண்ணு அறியாதவ இல்ல. இந்த ஊர்ல அட்டை பாக்கத் தெரிஞ்ச ஒரே தாய் அவதான். நான்தான் கத்துக் குடுத்தேன். எறங்குனா எங்கிட்டத் தூக்கிட்டு ஓடியான்னு சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரியில முதல்ல எறங்கும், எறங்குனா நல்லதுன்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாங்க. நான் அவகிட்டச் சொல்லல."

மேடம், "மேரி, உட்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டிருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லலை?" என்றார் அலுவலர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். போனில் முடியவில்லை என்று சொல்லலாம். இந்த டைரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், நேற்றுத் திருப்பிப் படித்தேன். "வீக்கத்தை நான் சதைன்னு எழுதிட்டேன் சார். எல்லாரையும் கைதட்ட வச்சுட்டேன். அது நீருன்னு அவகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அலுவலர் வயதானவர், கெட்டவர் இல்லை. "உங்களுக்கு மெமோ வரும்மா, தெரியுமில்ல?" என்றார். வரட்டும் என்றேன். எழுதிய வரியை அடித்தார். இந்த இடத்தில் என்ன எழுத என்று கேட்டார்.

"தாய்க்குச் சொல்லப்படவில்லைன்னு எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 11, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "ஆபீசர்ட்ட சொல்லிட்ட. அந்தப் பொண்ணுகிட்ட?" என்றார். ராத்திரி முழுக்க அதுவே ஓடியது. சொன்னால் ஊர் வாய் அடையும், முனீசும் அவளோடு பேசுவான். ஆனால் பிள்ளை பிழைக்க இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது அவள், எப்படியும் போக இருந்த உயிர், நம் கையில் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆறுதலையும் நான்தான் பிடுங்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கருவேலங்காட்டுக்கு நடந்தேன். பதினேழு வருஷத்தில் மூட்டத்துக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. முட்டைக்கு வா, எடைக்கு வா என்று அவளைத்தான் நடக்கவைத்திருக்கிறேன்.

மண் பூசிய மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் சாம்பலாகிவிடுமாம், அதனால் ஒரு ஆள் சுற்றிச் சுற்றி வந்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாகஜோதி மண்வெட்டியோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். முனீஸ் தள்ளி விறகுக் குவியலில் உட்கார்ந்து பீடி குடித்தான். என்னைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தான்.

"வாங்க டீச்சர்" என்றாள். குடிசைக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். எண்ணூறு கிராமும் வீக்கம் என்றேன். ஆஸ்பத்திரியில் இறங்கியது அந்த நீர்தான், டாக்டர் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டார், உன்னிடம் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை என்றேன். நீ செய்தது எல்லாம் நான் சொன்னபடிதான், உன் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

அவள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அங்க எறங்குனது நல்லதுக்கா?"

"ஆமா."

"அன்னிக்கிக் கஞ்சிக்குக் கைய நீட்டுனாளே. அதும் நல்லதுக்கா?"

"ஆமா. பசி வந்துருச்சு."

"அப்ப, அவ தேறிக்கிட்டு வந்தாளா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "ஆமா. தேறிக்கிட்டுத்தான் வந்தா" என்றேன்.

மூட்டத்தில் ஓரிடத்தில் மண் விரிந்து புகை கிளம்பியது. அவள் போய் இரண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி அடைத்தாள். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். முனீஸ் எழுந்து போய் மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். "நீ செத்த உக்காரு" என்றான். பதினாறு நாளில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. அவள் மண்ணிலேயே உட்கார்ந்தாள், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. அட்டையைப் படிக்கக் கேட்ட அன்றைக்கு இருந்த அதே மரியாதையான குரலில் சொன்னாள்.

"இத நீங்க அப்பயே சொல்லிருக்கணும் டீச்சர். இல்லாட்டி இப்பச் சொல்லாம இருந்திருக்கணும்."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அவள் கும்பிடவும் இல்லை, போய்ட்டு வாங்க என்று சொல்லவும் இல்லை.